மூன்றாவது முகம்

'பேட்வுமன்' என்ற அமெரிக்க சூப்பர்ஹீரோ தொடரின் முதல் சீசன் 2020 மே 17 அன்று முடிந்தது. இரண்டு நாள் கழித்து, கதாநாயகி கேட் கேனாக நடித்த ரூபி ரோஸ் தொடரிலிருந்து விலகுகிறார் என்ற அறிவிப்பு வந்தது. பெருந்தொற்றால் படப்பிடிப்பு தடைபட்டு, 22 அத்தியாயங்களாக வரவேண்டிய சீசன் 20-இலேயே நின்றுபோயிருந்த நேரம் அது. சூப்பர்ஹீரோ தொடர்களில் துணைப் பாத்திரங்கள் வருவதும் போவதும் வழக்கம்தான். யாருடைய பெயரைத் தலைப்பாக வைத்திருக்கிறார்களோ அவரே ஒரு சீசனோடு இல்லாமல் போவது அரிது. அதற்குப் பிறகும் இரண்டு சீசன்கள் ஓடிய அந்தத் தொடர் 2022 ஏப்ரலில் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனாலும் அந்த நாயகி மாற்றத்தைப் பற்றிய என் எண்ணம் மட்டும் இன்னும் அடங்கவில்லை. அந்தத் தொடர் முதலில் எடுத்த முடிவு, இப்படிப்பட்ட நெருக்கடியில் எடுக்கக்கூடியவற்றிலேயே மிக நேர்மையானது என்று நினைக்கிறேன். இரண்டாவது சீசனின் நடுவில் எடுத்த இன்னொரு முடிவு அந்த முதல் முடிவின் காலை வாரிவிட்டது. இரண்டையும் செய்தவர்கள் ஒரே குழுவினர். இரண்டையும் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். அதுதான் என்னை விடாமல் அரிக்கிறது.

இவருக்குப் பதில் இவர்

நடிகர் மாறுவது நமக்குப் புதிதல்ல. நம் நெடுந்தொடர்களில் ஒரு நாள் மருமகள் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களையிலிருந்து வெளியே வருவாள். முகம் வேறாக இருக்கும். திரையில் "இவருக்குப் பதில் இவர்" என்று எழுத்து ஓடும். அவ்வளவுதான், கதை நடக்கும். இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கு அந்த எழுத்தின்மீது மரியாதை இருக்கிறது. பார்ப்பவரிடம் எதையும் மறைக்காமல், நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிற வரி அது. 2020 டிசம்பரில் 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' தொடரில் முல்லையாக நடித்துவந்த சித்ரா இறந்தபோது, பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் சொந்த வீட்டுத் துட்டி போலப் பேசிக்கொண்டார்கள். அந்த வேடத்துக்கு காவ்யா அறிவுமணி வந்தபோது, என் அத்தை சில நாள் அந்த நேரத்துக்குத் தொலைக்காட்சியை அணைத்தே வைத்திருந்தார். பிறகு தானாகவே பார்க்கத் தொடங்கினார். புதிய முல்லையை அவர் ஏற்றுக்கொண்டதற்கு நடிப்பு ஒரு காரணம் என்றால், பழைய முல்லை எங்கே போனாள் என்ற கேள்வி அவருக்கு மிச்சமிருக்கவில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். அழுது தீர்த்த இடத்தில்தான் புதியவர் உட்கார முடிந்தது.

அமெரிக்க சூப்பர்ஹீரோ தொடர்களிலும் இந்த வழி உண்டு. 1988-இல் தொடங்கிய 'சூப்பர்பாய்' தொடரின் முதல் சீசனில் ஜான் ஹேம்ஸ் நியூட்டன் நாயகனாக இருந்தார். இரண்டாவது சீசனிலிருந்து ஜெரார்ட் கிறிஸ்டோபர் அதே கிளார்க் கென்ட்டாக வந்தார். பாத்திரம் மாறவில்லை, ஆள் மட்டும் மாறினார். 'பேட்வுமன்' தொடரின் பொறுப்பாளரான கேரொலைன் டிரைஸும் முதலில் இதைத்தான் யோசித்திருக்கிறார். இரண்டாவது சீசனுக்குச் சில அத்தியாயங்கள் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்ததால், அதே கேட் கேனாக வேறு நடிகையைப் போட்டுவிடலாமா என்று தாம் சிறிது நேரம் எண்ணியதையும், தயாரிப்பாளர் கிரெக் பெர்லான்டி பேசியதன் பேரில் அதைக் கைவிட்டதையும் 2020 ஜூனில் அவரே பொதுவில் சொன்னார். ரூபி ரோஸ் அந்தப் பாத்திரத்துக்குக் கொடுத்ததை மதிக்க வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

ஆகவே கேட் கேன் போனாள். ரயன் வைல்டர் வந்தாள். ஜவீசியா லெஸ்லி நடித்த இந்த ரயன், எந்தச் சித்திரக்கதையிலும் இல்லாமல் தொடருக்காகவே உருவாக்கப்பட்டவள். கேட் பணக்கார வீட்டுப் பெண், பேட்மேனான புரூஸ் வெய்னின் ஒன்றுவிட்ட சகோதரி, தனியார் காவல்படை நடத்தும் தந்தையின் மகள். ரயன் ஒரு வேனுக்குள் குடியிருக்கிறாள். துணைக்கு ஒரு செடி. செய்யாத குற்றத்துக்குச் சிறைக்குப் போய்வந்தவள். அவளை எடுத்து வளர்த்த தாயை, கேட்டின் சொந்தச் சகோதரியான ஆலிஸின் கூட்டம் கொன்றிருக்கிறது. கேட் சென்ற விமானம் விழுந்த இடத்தின் இடிபாடுகளில் அவளுக்கு பேட்வுமன் உடை கிடைக்கிறது. அதை அணிந்துகொண்டு அவள் முதலில் போவது நகரத்தைக் காப்பாற்ற இல்லை, தாயின் சாவுக்குப் பழி கேட்க. 2021 ஜனவரி 17 அன்று வந்த அந்த முதல் அத்தியாயத்தைப் பார்த்தபோது, ஒரு நடிகை விலகிய இக்கட்டிலிருந்து இப்படி ஒரு கதையைத் திரட்ட முடியுமா என்று வியந்தேன்.

இதில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது ஒரு சிறிய விஷயத்தை. கேட்டின் உடையோடு சேர்ந்த பொய்முடி சிவப்பாக, நீளமாக, படிந்து விழும். ரயன் தொடக்கத்தில் அதையே வைத்துக்கொண்டு சண்டை போடுகிறாள். அது அவள் தலையில் இரவல் பொருளாகவே இருக்கிறது. சீசனின் மூன்றாவது அத்தியாயத்தில் உடை அவளுக்காக மாற்றப்படுகிறது. முடி இப்போது சுருள்சுருளாக, அடர்ந்து, கறுப்புக்கு நடுவே சிவப்புக் கீற்றுகளோடு நிற்கிறது. முகமூடிக்குக் கீழே இருப்பவள் ஒரு கறுப்பினப் பெண் என்பது தெருவில் போகிற எவருக்கும் தெரியும். முகத்தை மறைக்கவேண்டிய உடையே, உள்ளே ஆள் மாறிவிட்டது என்பதை ஊருக்குச் சொல்கிறது. நான் அறிந்த முகமூடிக் கதைகளில் இதற்கு நேர்மாறான வழக்கமே அதிகம். ராணி காமிக்ஸில் நாம் படித்த முகமூடி வீரர் மாயாவியை நினைத்துப் பாருங்கள். தந்தைக்குப் பின் மகன், அவனுக்குப் பின் அவன் மகன் என்று 21 தலைமுறையாக உடை கைமாறியும், சாவே இல்லாத ஒரே மனிதன் என்று காடு நம்பவேண்டும்; அந்த நம்பிக்கைதான் அவருடைய பலம். ரயன் அந்த மறைப்பை வேண்டாம் என்கிறாள். அந்தச் சுருள்முடியை நான் தொடரின் உச்சமாகவே கருதுகிறேன்.

கச்சை கட்டிவிட்ட கை

ஒருவர் ஏற்றிருந்த வேடத்தை இன்னொருவர் ஏற்பதை நான் நேரில் பார்த்தது எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவான கொடையில். சேரன்மகாதேவிப் பக்கம் தாமிரபரணிக் கரையில் எங்கள் சுடலைமாடன் பீடம் இருக்கிறது. அங்கே பல வருடங்களாக மாடனுக்கு ஆடிய பெரியவர் ஒருவர் பக்கவாதம் வந்து மகன் வீட்டோடு சென்னைக்குப் போய்விட்டார். ஆடும்போது அவர் அணிந்த சல்லடமும் குல்லாயும் கோயில் பெட்டிக்குள் இருந்தன. அவருக்குப் பிறகு, அந்த வகையறாவிலேயே ஓர் இளைஞனுக்கு அருள் வந்தது. கணியான் மகுடம் என்ற பறையை முறுக்கி அடிக்கும்போது அவன் உடம்பு துள்ளுவதை எல்லாரும் பார்த்தார்கள். ஆனால் திருநீறு வாங்க அவன்முன் வரிசை நிற்கவில்லை. "பெரியவரு வரட்டும்" என்றே பேச்சு இருந்தது. அவர் வரமுடியாது என்பது தெரிந்தும் அப்படித்தான் சொன்னார்கள். இறந்திருந்தால் துக்கம் முடிந்து அடுத்தவரைத் தேடியிருப்பார்கள். இருக்கிறார், ஆனால் இல்லை என்பதால், ஊருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தப் பையனும் கூட்டத்தின் விளிம்பிலேயே ஆடிவிட்டு, வில்லுப்பாட்டு முடிவதற்குள் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துவிடுவான்.

பிறகு ஒரு கொடைக்குப் பெரியவரை வாடகைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வலக்கை விழுந்துவிட்டிருந்தது, வாயும் ஒரு பக்கம் கோணியிருந்தது. நாற்காலியில் உட்கார்த்தி, பீடத்துக்கு எதிரே வைத்தார்கள். நள்ளிரவுப் படையலுக்கு முன்னால் பெட்டி திறந்தது. அந்த இளைஞன் சல்லடம் மாட்டிக்கொண்டு அவர்முன் வந்து நின்றான். அவர் இடக்கையால் கச்சைத் துணியைப் பிடித்து அவன் இடுப்பில் சுற்றினார். முடிச்சுப் போட ஒற்றைக் கையால் முடியவில்லை. மறுமுனையை அவர் பேரன் பிடித்துக்கொள்ள, எப்படியோ இறுக்கிவிட்டார். மகுடம் எழும்பியபோது எங்கள் ஊர் மூத்தவர் ஒருவர் முறைப்படி, "நீரு யாரு? எந்த எல்லையில இருந்து வாரீரு?" என்று கேட்டார். பதில் வந்தது. அன்று அவன்முன் திருநீறுக்கு நின்ற வரிசை வாசல் வரை நீண்டது. பெரியவர் நாற்காலியில் இருந்தபடியே, அவனிடம் நெற்றியை நீட்டினார்.

இதை இங்கே இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் என் தம்பி.

தம்பியின் வாதம்

இரண்டாவது சீசனை நானும் அத்தையும் தம்பியும் ஒன்றாகப் பார்த்தோம். ஆங்கிலம் அத்தைக்குப் பிடிபடாது. தம்பி நடுநடுவே கதையைச் சொல்வான். ஒவ்வொரு அத்தியாயத்திலும் எவரோ ஒருவர் கேட்டைத் தேடிக்கொண்டிருப்பார். ஆலிஸ் தேடுவாள், தந்தை தேடுவார், காதலித்த சோஃபி தேடுவாள். பேட்வுமனுக்குத் துணைநிற்கும் லூக் ஃபாக்ஸ் ரயனை நம்பத் தயங்குவதற்கும் கேட்தான் காரணம். அத்தை என்னைப் பார்த்து, "ஏட்டி, அந்தப் பிள்ள செத்துட்டாளா, இருக்காளா? ஒண்ணைச் சொல்லித் தொலைக்கச் சொல்லு. இந்தப் பிள்ளை எம்புட்டு நேரம் வாசல்லயே நிப்பா?" என்றார். ரயனின் நிலையை நான் படித்த எந்த விமர்சனமும் இதைவிடச் சரியாகச் சொல்லவில்லை. தன் பெயரில் ஓடும் தொடரின் வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

கேட்டைக் கொல்லாமல் விட்டதற்கு நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் குறை சொல்வது முறையாகாது. பெண்ணைக் காதலிக்கும் பெண்ணை நாயகியாக வைத்து வந்த முதல் சூப்பர்ஹீரோ தொடர் இது. அப்படிப்பட்ட பாத்திரங்களைக் கதையின் வசதிக்காகச் சாகடித்துவிடுவது அமெரிக்கத் தொலைக்காட்சியின் பழைய கெட்ட பழக்கம். அந்தப் பழக்கத்தில் தமக்கு விருப்பமில்லை என்றும், கேட்டை ஒருநாளும் அழிக்கப்போவதில்லை என்றும், அவள் எங்கே போனாள் என்பது புதிய சீசனின் மர்மங்களில் ஒன்றாக இருக்கும் என்றும் டிரைஸ் 2020-இலேயே அறிவித்துவிட்டார். அந்த வாக்குறுதியை மதிக்கிறேன். எத்தனையோ இளம்பெண்கள் கேட்டில் தங்களைக் கண்டிருப்பார்கள். அவர்களுக்கு ஒரு பிணத்தைக் காட்டாமல் இருந்தது நல்லது. சிக்கல் அந்த வாக்குறுதியின் பின்பாதியில் இருந்தது. மர்மம் என்று சொல்லிவிட்டால் அதற்கு விடை வரவேண்டும். விடை வரவேண்டுமென்றால் கேட் திரையில் தோன்றவேண்டும். கேட்டின் முகமோ போய்விட்டது.

2021 மார்ச்சில் வாலிஸ் டே கேட் கேனாக நடிக்கிறார் என்ற அறிவிப்பு வந்தது. விபத்தில் முகம் சிதைந்த கேட், பிளாக் மாஸ்க் என்ற வில்லனின் பிடியில், அவன் இறந்த மகள் சர்சியாகவே மூளை மாற்றப்பட்டு, புதிய முகத்தோடு வருகிறாள். எந்தத் தொந்தரவும் இல்லாமல் தொடக்கத்தில் செய்திருக்கக்கூடியதை, அதாவது அதே பாத்திரத்துக்கு வேறு நடிகை என்பதை, வேறு பாத்திரத்தைக் கொண்டுவந்து பாதிச் சீசன் ஓடிய பிறகு செய்தார்கள். சீசனின் இறுதியில் கேட்டின் நினைவு மீள்கிறது. பேட்வுமன் என்ற பொறுப்பை ரயனிடமே விட்டுவிட்டு அவள் கதை நடக்கும் கோத்தம் நகரை விட்டுக் கிளம்புகிறாள்.

அந்த இடத்தில்தான் தம்பி என்னைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, நம்ம ஊர்ல பெரியவரு வந்து கச்சை கட்டிவிட்டாரே, அதேதான இது? போனவளே வந்து குடுத்துட்டுப் போறா. இதைவிட என்ன வேணும் உனக்கு?" என்றான். கேள்வி நியாயமானது. எனக்கு உடனே பதில் வரவில்லை. போனவர் திரும்பிவந்து தம் கையால் ஒப்படைப்பதைவிட முழுமையான கைமாற்றம் இருக்க முடியாது என்பதை நானே கொடையில் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படியானால் இந்தக் காட்சி ஏன் எனக்குள் இறங்கவில்லை? வாலிஸ் டேயின் நடிப்பைக் குறைசொல்ல எனக்கு எதுவும் இல்லை. கொடுத்த வேலையை அவர் கவனமாகவே செய்தார். எழுத்திலும் அந்தக் காட்சி வலுவாகவே இருக்கிறது.

பதில் அந்த வாரம் முழுவதும் மனத்தில் கிடந்துதான் தெளிந்தது. பெரியவர் கோணிய வாயோடும் விழுந்த கையோடும் வந்தார். ஆனால் அவராகவே வந்தார். ஊருக்கு அவரைத் தெரியும். தனக்கு முன்னால் ஆடிய உடம்பு தன் இடுப்பில் துணி சுற்றுகிறது என்பது அந்தப் பையனுக்கும் தெரியும். ரயனுக்கு ஆசி வழங்கிய பெண்ணை எங்களுக்கு முந்தாநாள்வரை தெரியாது. அவளைக் கேட் என்று ஏற்க வேண்டுமானால், பார்ப்பவர் முதலில் நெடுந்தொடர் முறைக்குத் தம்மைப் பழக்கிக்கொள்ளவேண்டும்: ரூபி ரோஸுக்குப் பதில் இவர். அது முடிந்த கையோடு, அவள் கொடுக்கும் ஒப்படைப்பைப் பார்த்து ரயனையும் ஏற்கவேண்டும். முதல் ஏற்பைச் செய்து முடிப்பதற்கே நேரம் போதவில்லை. அதற்குள் இரண்டாவது நடந்து முடிந்துவிட்டது. மேலும், முகம் மாறினாலும் கேட் கேட்தான் என்று தொடரே சொல்லிவிட்டால், ரயன் எதற்காக வந்தாள் என்ற கேள்வி எழும்பாமல் இருக்குமா? கேட்டுக்கு வேறு முகம் கூடாது என்று நம்பித்தான் ரயனைப் படைத்தார்கள். கேட்டுக்கு வேறு முகம் கொடுத்த நாளில் அந்த நம்பிக்கையைத் தாங்களே விட்டுவிட்டார்கள்.

இந்தத் தொடரில் முகமாற்றம் கதைக்குள்ளேயே உள்ள விஷயம்தானே என்று தம்பி அதற்கும் மறுப்பு வைத்திருந்தான். உண்மைதான். ஆலிஸ் முகங்களைத் தோலாக உரித்து அணிபவள். முதல் சீசனின் கடைசியில் டாமி எலியட் என்ற வில்லனுக்கு புரூஸ் வெய்னின் முகத்தைப் பொருத்தி கேட்டின் முன்னால் அனுப்புவதும் அவள்தான். ஆனால் அந்தக் கதையின் ஆணிவேரே இரட்டைச் சகோதரிகளின் வேறுபாட்டில் இருந்தது. ஒருத்திக்கு எத்தனையோ முகங்கள், எதுவும் நம்பத்தக்கதில்லை. மற்றவளுக்கு ஒரே முகம். அதை ராத்திரியில் முகமூடி மறைக்கும், விடிந்தால் அதே முகம் இருக்கும். ஆலிஸ் ஊரையே வெறுத்தாலும், அந்த ஒரு முகத்தைப் பார்க்கும்போது மட்டும் அவள் பழைய பெத் (ஆலிஸின் இயற்பெயர்) ஆகிவிடுவாள். ஆலிஸாக நடித்த ரேச்சல் ஸ்கார்ஸ்டன் அந்த மாற்றத்தைக் கண்களில் காட்டிய விதத்துக்காகவே முதல் சீசனை மறுபடியும் பார்க்கலாம். அந்தத் தொடரில் யாருடைய முகத்தையும் மாற்றலாம், கேட்டின் முகத்தைத் தவிர. ஆலிஸ் தன் சகோதரியின் புதிய முகத்துக்கு எதிரே நிற்கும் காட்சிகளில், ஸ்கார்ஸ்டன் பார்ப்பதற்கு எதிரே எதுவும் இல்லாததுபோல் எனக்குத் தோன்றியது.

கேட் உயிரோடு இருக்கிறாள், வேறு ஊரில் இருக்கிறாள், திரும்பப் போவதில்லை என்று தொடக்கத்திலேயே ஒரு கடிதம் வந்திருந்தால் போதும். லூக்குக்கோ கேட்டின் மாற்றாந்தாய் மகளான மேரிக்கோ எழுதிய நாலு வரி. யாரும் சாகவில்லை, வாக்குறுதியும் காப்பாற்றப்பட்டிருக்கும். நடிகை வராதபோது பாத்திரம் வராமல் இருப்பதைப் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார்கள். காரணம் தெரிந்திருந்தால் எவ்வளவு சீக்கிரம் மனம் ஆறும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். ஆறாமல் போனது, இருக்கிறாளா இல்லையா என்று கடைசிவரை இழுத்ததால்.

2021 அக்டோபரில் மூன்றாவது சீசன் தொடங்கியபோது அந்தத் தேடல் முடிந்திருந்தது. இருந்தது 13 அத்தியாயங்கள்தான். ரயனைப் பெற்ற தாயான ஜேடா ஜெட் வருகிறாள். கோத்தமின் பெரும் பணக்காரி, பெற்ற மகளைக் கண்டும் காணாததுபோல் நடப்பவள். எங்கள் வீட்டில் கேள்வி மாறிவிட்டது. "பெத்தவ ஏத்துக்கிடுவாளா, மாட்டாளா?" என்று அத்தை ஒவ்வொரு முறையும் தம்பியை முன்கூட்டியே கேட்டு நச்சரித்தார். லூக்கும் மேரியும் சோஃபியும் ரயனை ரயனாகப் பார்த்தார்கள். வசனங்களில் யாரும் அவளை வேறொருத்தியோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை. ஜவீசியா லெஸ்லியும் தோளை இறக்கி, சிரித்து, கோபப்பட்டு நடித்தார். இரண்டாவது சீசன் முழுக்க அவர் உடம்பில் நான் கண்ட விறைப்பு போய்விட்டிருந்தது. 2022 ஏப்ரல் 29 அன்று, மொத்தம் 51 அத்தியாயங்களோடு தொடர் ரத்தானது. அவற்றில் ரயனுக்கே முழுதாகச் சொந்தமாக இருந்தவை இந்தப் பதின்மூன்றுதான். இரண்டாவது சீசனின் 18 அத்தியாயங்களையும் சேர்த்து அவளுக்குக் கொடுத்திருக்கலாம். வளர்த்த தாயின் சாவுக்கு ஆலிஸிடம் அவள் கேட்க வந்த கணக்கு, கேட்டைத் தேடும் வேலைக்காக அந்த ஆலிஸோடேயே கூட்டுச் சேரவேண்டி வந்ததால், பாதியிலேயே நிற்கிறது.